எடுக்காமல் விட்ட பூப்பொட்டணம்

எனக்கு எண்பத்திரண்டு வயதாகிறது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். அதில் நான் பெற்றது நான்கு, மற்றவர்கள் வந்து சேர்ந்தவர்கள். எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதல் ஜெர்மன் சண்டைக்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், திருநெல்வேலி டவுனில் நடந்தது இது. அப்போது நான் தலைச்சன் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தேன். ஒன்பதாவது மாதம். நான் பிறந்த வீடு கீழத்தெருவில், வாழ்க்கைப்பட்ட வீடு மேலத்தெருவில். இரண்டு தெருவும் சேருகிற முக்கில் ஒரு பிள்ளையார் கோயில். ஒரு தெருவில் மிளகாய் வறுத்தால் அடுத்த தெருவில் தும்முவார்கள். அவ்வளவு பக்கம்.

இரண்டு தெருவும் சேர்ந்து முனிசிபாலிட்டியில் ஒரு வார்டு. அந்த வார்டுக்கு ரொம்ப காலமாக என் மாமனார்தான் கவுன்சிலர். எதிர்த்து யாரும் நின்றதில்லை. அவர் இறந்ததும் என் கணவரின் அண்ணன், நான் பெரிய அத்தான் என்று கூப்பிடுகிறவர், அந்த நாற்காலியும் வீடு வயல் மாதிரி தனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார். கீழத்தெருக்காரர்களுக்கு அது பொறுக்கவில்லை. முனிசிபல் விளக்குக் கம்பமெல்லாம் மேலத்தெருவிலேயே நிற்கிறது, நம் தெருவில் பொழுது சாய்ந்தால் மாடும் மனிதனும் முட்டிக்கொள்கிறோம் என்று அவர்களுக்கு வெகுநாளாக ஆற்றாமை. கூடிப் பேசி, எதிராக ஒருவரை நிறுத்தினார்கள். அவர்கள் நிறுத்தியது என் அப்பாவை.

அப்பா முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாராம். "சம்பந்தி வீட்டுக்கு எதிரா நிக்கதுக்குப் பயமா இருக்கோ வே?" என்று எவரோ கேட்டிருக்கிறார். அதோடு தீர்ந்தது. எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளிடம் பயமா என்று மட்டும் கேட்கக்கூடாது. கிணற்றில் குதித்துவிட்டுத்தான் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

எங்களில் தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்கு நாமாகப் போய்விட முடியாது. வளைகாப்பு முடிந்தபின் ஒரு நல்ல நாள் பார்த்து, அம்மாவும் நாலு சுமங்கலிகளும் பூவும் பலகாரமுமாக வந்து, புகுந்த வீட்டில் கேட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூப்பிட ஆள் வராமல் தானாகத் தாய்வீட்டுப் படியேறினால் வாழாவெட்டியாக வந்துவிட்டாள் என்று பேராகிவிடும். கூப்பிட வராமலே போனால், நாதியற்றவள் என்று பேர். எனக்கு வளைகாப்பு நடந்தபோது அப்பா எலக்‌ஷனில் நிற்கிற பேச்சே இல்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டுப் போனார்கள். அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் அப்பா மனு கொடுத்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் தலை குளித்து, சடை பின்னி, துணிமணியை மூட்டையாகக் கட்டி வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். வருவார்கள் என்றுதான் நினைத்தேன். எலக்‌ஷன் ஆண்பிள்ளைகள் விவகாரம், பிள்ளைப்பேறு பெண்பிள்ளைகள் விவகாரம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்பது என் நினைப்பு. வெயில் முற்றத்தில் இறங்கி, நடுவுக்கு வந்து, எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. யாரும் வரவில்லை. பெரிய அத்தான் உள்ளே வந்து மூட்டையைப் பார்த்தார்.

"ஓட்டுக் கேக்க மட்டும் வீடு வீடா ஏறி இறங்குதாவ. மகளைக் கூப்பிடத்தான் காலு வரமாட்டேங்கு" என்று தூணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு என்ன சங்கடம் என்று பிறகு தெரிந்தது. எதிராளி வீட்டுப் படியேறி, வெற்றிலை பாக்கு வைத்து, பெண்ணை அனுப்புங்கள் என்று பணிந்து கேட்டால் அவருடைய ஆட்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்களாம். தானாக என்னை அனுப்பிவைத்தால், தோற்றுப்போவோம் என்று பயந்து சமாதானத்துக்கு வந்ததாகப் பேசுவார்கள் என்று பெரிய அத்தானுக்கும் எண்ணம். நடுவில் நான்.

அப்போது பிரசவம் என்றால் பாதி உயிர் போய்த்தான் வரும். எங்கள் எதிர்வீட்டுப் பெண் அந்த ஆடியில்தான் பிள்ளையோடு போயிருந்தாள். எனக்கு வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வலி வரும்போது அம்மா பக்கத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டில் யாரும் என்னை அடிக்கவில்லை, வையவில்லை. சோறு வேளைக்கு வந்தது. ஆனால் நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கேட்டதைக் கீழத்தெருவுக்குச் சொல்லிவிடுவேனாம். எனக்கு யார் இருந்தார்கள் சொல்ல? பூக்காரி வழியாக அம்மா ஒருமுறை நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். அந்த வீட்டுப் பண்டம் இந்த வாசல் தாண்டக்கூடாது என்று பெரிய அத்தான் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். என் கணவர் கோர்ட்டில் குமாஸ்தா. நல்லவர். அண்ணன் முன்னால் வாய் திறக்காதவர். "என்ன செய்யச் சொல்லுத?" என்று என்னிடமே கேட்பார்.

மச்சில் ஏறினால் அம்மா வீட்டு மொட்டைமாடி தெரியும். அம்மா சேலை காயப்போடுவது தெரியும். அவளிடம் இருந்தது நாலைந்து சேலைதான், எல்லாம் எனக்குத் தெரிந்தவை. இன்றைக்குச் சுங்கடி, இன்றைக்கு ஊதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாள் அவள் கொடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மேலத்தெருப் பக்கமே பார்த்து நின்றாள். நான் கையை ஆட்டினேன். கண் தெரியவில்லையோ, பயந்தாளோ, இறங்கிப் போய்விட்டாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியார். மாமனார் போனபின் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு பின்கட்டோடு ஒதுங்கிவிட்டவர். நான் எதிரே வந்தால் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். காலையில் நான் எழுந்து வரும் வழியில் அவர் நிற்கவே மாட்டார். வளைகாப்பன்றும் கூடத்துக்கு வரவில்லை. அப்போதே என்னைப் பிடிக்கவில்லை போல, இப்போது எதிராளி மகள் என்ற வெறுப்பும் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் என்னோடு பேசாதவர்களில் அவரைத்தான் முதலில் வைத்திருந்தேன்.

எலக்‌ஷன் அமளி சொல்லி முடியாது. வரி கட்டுகிற ஆண்களுக்குத்தான் ஓட்டு, அதனால் ஓட்டுக்காரர்கள் கொஞ்சம் பேர். ஒவ்வொருவரையும் இரண்டு பக்கமும் மாப்பிள்ளை மாதிரி தாங்கினார்கள். எங்கள் வீட்டில் விடிந்தால் பந்தி. அங்கே அப்பா வீட்டிலும் பந்தி. "அண்ணாச்சிக்குப் போட்டா வெளக்கு வராது வே, வெளக்கெண்ணெய்தான் வரும்" என்று கீழத்தெருக்காரர்கள் எங்கள் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டு ஓடுவார்கள். எந்தப் பக்கம் என்று பிடிகொடுக்காத ஒரு கிழவரை, எதிராளி கொண்டுபோய்விடாமல் இருக்க, பெரிய அத்தான் ஆட்கள் வில்வண்டியில் ஏற்றிப் பாபநாசத்துக்குத் தீர்த்தமாட அழைத்துப் போய் அங்கேயே வைத்திருந்தார்கள். எப்படியோ அவர் தானாகவே ஊர் வந்து சேர்ந்து, நேரே அப்பா வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தாராம். "அங்கன அவியல் நல்லா இருந்துச்சு, இங்கன பாயசம் நல்லா இருக்கு. சாமி, நான் யாருக்குன்னு போட?" என்று கேட்டாராம். அதைக் கேட்டு அந்த நாட்களில் நான் ஒரே ஒருமுறை சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை.

ஓட்டு நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆபீஸர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாராம். அவர் முன்னால் போய் நின்று, யாருக்கு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நிற்கிறவர்கள் இரண்டு பேரும் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் பார்க்கவில்லை, கேட்டதைச் சொல்கிறேன். பொழுது போகப் போக இரண்டு பக்கமும் சமமாகவே போயிருக்கிறது. கடைசி நேரத்தில் அப்பாவுக்கு ஒன்று கூடுதல். அப்போது கோர்ட்டிலிருந்து வந்து நின்றவர் என் கணவர். ஒரு பக்கம் அண்ணன், ஒரு பக்கம் பெண் கொடுத்த மாமனார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு அண்ணன் பேரைச் சொன்னார். வேறு யாரைச் சொல்வார்?

ஓட்டு சமம் ஆகிவிட்டது.

அப்பா எழுந்து, எல்லாரும் கேட்க, "இன்னையிலேருந்து எனக்கு மருமகன்னு ஒருத்தன் கெடையாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொல்லவில்லை. கை கால் கழுவிவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பந்தியில் பேசிக்கொண்டதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சமமாக வந்துவிட்டதால் மறுநாள் பத்து மணிக்கு முனிசிபல் கச்சேரியில் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுப்போம் என்று ஆபீஸர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒருவர் விலகினால் மற்றவர் ஜெயித்ததாக எழுதிவிடுவாராம். ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர், இரண்டு தெருவுக்கும் பொதுவானவர், ஒரு யோசனை சொன்னார். சர்க்கார் குலுக்குகிற சீட்டு எதற்கு, நம்ம பிள்ளையார் இருக்கிறாரே. விடிந்ததும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். யாருடைய பூ வரவில்லையோ அவர் விலகிக்கொள்ளட்டும் என்றார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள்.

பூக்கட்டிப் பார்ப்பது என்றால், சிவப்பு அரளி ஒரு பொட்டணத்திலும் வெள்ளை அரளி ஒரு பொட்டணத்திலுமாக இலையில் மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் போட வேண்டும். விவரம் தெரியாத சின்னப் பிள்ளை ஒன்றைக் கொண்டு எடுக்கச் சொல்வார்கள். பிள்ளை எடுப்பது சாமி எடுப்பது. எந்தப் பிள்ளையைக் கூப்பிடுவது என்பதில் சண்டை வந்துவிட்டது. இவர்கள் சொன்ன பிள்ளைக்கு அவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள், அவர்கள் சொன்ன பிள்ளைக்கு இவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று இரண்டு பக்கமும் சந்தேகம். அப்போது அண்ணாச்சிதான் சொன்னாராம்:

"ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு பிள்ளை இருக்கே வே! அவ வயித்துல இருக்க பிள்ளை ஒமக்கும் பேரன், அவுகளுக்கும் பேரன். அவ கையால எடுத்தா அந்தப் பிள்ளை எடுத்த மாதிரி. வயித்துக்குள்ள இருக்கதுக்கு எவன் சொல்லிக் கொடுக்க முடியும்?"

எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

காலையில் என்னைக் குளிக்கச் சொல்லிக் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். இரண்டு தெருவும் அங்கேதான் நின்றது. மேலத்தெரு இந்தப் பக்கம், கீழத்தெரு அந்தப் பக்கம், நடுவில் கோடு போட்ட மாதிரி இடம் விட்டு. அப்பா முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் அம்மா. அத்தனை நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பெரிய அத்தான், என் கணவர். அத்தையும் வந்து, எல்லாருக்கும் கடைசியில் வேப்பமரத்தோடு ஒட்டி நின்றிருந்தார். அவர் வந்ததே எனக்கு ஆச்சரியம்.

பூசாரி இரண்டு பொட்டணத்தையும் பிள்ளையார் காலடியில் போட்டார். "வெள்ளை, கீழத்தெரு. செவப்பு, மேலத்தெரு. தாயீ, சாமியைக் கும்பிட்டு ஒண்ணை எடு" என்றார்.

நான் கும்பிட்டுவிட்டுக் குனிந்தேன். கை பாதியில் நின்றுவிட்டது. வெள்ளை வந்தால், தோற்றுப்போன பெரிய அத்தான் என்னை ஜெயித்தவர் வீட்டுக்கு ஒருநாளும் அனுப்பமாட்டார். சிவப்பு வந்தால், தோற்றுப்போன அப்பா மேலத்தெருப் பக்கமே திரும்பமாட்டார், கூப்பிட வரமாட்டார். எதை எடுத்தாலும் அம்மா எனக்கு இல்லை. அந்தக் கதவை என் கையாலேயே சாத்தச் சொல்லித்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள். அதுவரை ஒரு கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, நிமிர்ந்தேன்.

"எடுக்குதேன். எடுத்த பொறவு நான் எந்த வீட்டுல போய்ப் பிள்ளை பெறணும்? அதை மொதல்ல சொல்லுங்க."

 யாரோ ஒருவர், "பொட்டப்பிள்ளைக்கு வாயைப் பாரேன்" என்றார்.

அப்பா சொன்னார்: "மொதல்ல எடு தாயீ. மத்தது பொறவு பாத்துக்கிடலாம்."

பெரிய அத்தானும் அதையேதான் சொன்னார்: "வீட்டு விசயத்தை வீட்டுல பேசுவோம். இப்போ எடும்மா."

அந்த எலக்‌ஷனில் இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசியது அது ஒன்றுதான்.

நான் அப்பாவையே பார்த்தேன். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் கோயில் மணியைப் பார்த்தார். பெரிய அத்தானைப் பார்த்தேன். போய்வா என்று ஒரு வார்த்தை. அவர் துண்டைச் சரி செய்தார். என் கணவரைப் பார்த்தேன். அவர் கண் கலங்கித் தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் இருந்தார்கள். எல்லாரும் எனக்கு வேண்டியவர்கள். ஒரு சத்தம் இல்லை.

நான் பொட்டணத்தைத் தொடவில்லை. படியிறங்கி வெளியே வந்துவிட்டேன்.

கோபமாக வந்துவிட்டேனே தவிர, முக்குக்கு வந்ததும் கால் நின்றுவிட்டது. வலது பக்கம் திரும்பினால் மேலத்தெரு, இடது பக்கம் கீழத்தெரு. இரண்டிலும் எனக்கு வீடு இருக்கிறது. எந்தப் பக்கம் போக? வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவில் நின்றேன். பின்னால் ஜனம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒருவர்கூட அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. யார் முதலில் அசைகிறார்களோ அவர்கள் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று ஒவ்வொருவரும் நின்றார்கள். அந்த நிமிஷம் போல் ஒரு தனிமையை நான் பிறகு அனுபவித்ததில்லை. கணவரை வாரிக்கொடுத்தபோதுகூட நாலு பேர் பக்கத்தில் இருந்தார்கள்.

அப்போது யாரோ என் மணிக்கட்டைப் பிடித்தார்கள். அத்தை.

"நட" என்றார்.

வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் இடது பக்கம் திருப்பினார். கீழத்தெருப் பக்கம்.

பின்னால் பெரிய அத்தான் கத்தினார். "யம்மா! அங்கன எங்க போறீய?"

அத்தை திரும்பவில்லை. இரண்டு அடி நடந்ததும் என் கையை விட்டுவிட்டார். "நீ முன்னால போளா. நான் முன்னால வரக்கூடாது" என்றார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. தாலி அறுத்தவர் எதிரே வந்தால் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது என்பது எங்கள் ஊர் வழக்கம். அத்தனை நாளும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒதுங்கிப் போனது என் வயிற்றுப் பிள்ளைக்காக. அந்த வீட்டில் என் பிள்ளையை நினைத்துக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்தான். அதைத்தான் நான் வெறுப்பு என்று எண்ணி வைத்திருந்தேன்.

நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் வந்தார். "பைய, பைய. கல்லு கெடக்கு பாரு" என்று குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

அம்மா வீட்டு வாசலுக்குப் போவதற்குள் அப்பாவும் அம்மாவும் குறுக்குச் சந்து வழியாக வந்துவிட்டார்கள். அவர்களோடு கீழத்தெரு முழுக்க வந்துவிட்டது. அத்தை படியேறவில்லை. கீழே நின்றே பேசினார்.

"நீங்க கூப்பிட வரல. நான் கொண்டாந்துட்டேன். எலக்‌ஷன் மூணு வருசத்துக்கு ஒருக்க வரும், அப்பவும் நின்னுக்கிடலாம். இவ நாளு அதுக்காவ நிக்காது. பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான் பேச்சு.  சம்பந்தியம்மா வாசலுக்கு வந்திருக்கிறார், வாருங்கள் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா என்னைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். பிறகு ஓடிப்போய் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். நிலைப்படி வரை வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். அதற்குள் அத்தை திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார்.

நான் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தெருவின் இரண்டு ஓரத்திலும் ஜனம். நடுவில் வெள்ளைச் சேலையில் அவர் மட்டும் போகிறார். முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டு, வேகமும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல். கூட நடக்க ஒருவர் இல்லை. முக்கில் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் நின்றார்கள். பெரிய அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் ஒரு அடி எடுத்து வைத்தார், பிறகு நின்றுவிட்டார். அத்தை அவர்கள் நடுவே போய் மேலத்தெருவுக்குள் திரும்பினார். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

யார் ஜெயித்தது என்று கேட்பீர்கள். பத்து மணிக்குக் கச்சேரியில் சீட்டு எடுத்தார்கள். அப்பா பேர் வந்தது. மேளம் வைத்து ஊர்வலம் விட்டார்கள். நான் அம்மா வீட்டு உள்ளறையில் படுத்திருந்தேன். மேளம் மேலத்தெருவுக்குள் போவது கேட்டது. ஓரிடத்தில் நின்று வெகுநேரம் அடித்தது. வேட்டுப் போட்டார்கள். அது எந்த வாசல் என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். அப்பா மாலையும் கழுத்துமாக வந்து, "பாத்தியா தாயீ" என்றார்.

"மேளம் எங்கனப்பா நின்னுச்சு?" என்று கேட்டேன்.

அவர் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே போய்விட்டார்.

நாலைந்து நாளில் வலி வந்தது. கஷ்டமான பிரசவம். அம்மா என் தலையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பெண் பிறந்தது. பேர் வைக்கிற அன்று என் கணவர் வந்து தெருவிலேயே நின்றார். அப்பா உள்ளே போய்விட்டார், ஆனால் போ என்று சொல்லவில்லை. இவர் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார். பிள்ளை பெற்றவளுக்குத் தருகிற மருந்து, சுக்கும் திப்பிலியும் இடித்துக் கிளறியது. "அம்மா செஞ்சது. அண்ணனுக்குத் தெரியாது" என்றார்.

ஐந்தாம் மாதம் பிள்ளையோடு மேலத்தெருவுக்குத் திரும்பினேன். அங்கே நடந்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்று சீட்டு மாறி விழுந்ததற்குக் காரணம் அத்தைதான் என்று பெரிய அத்தான் முடிவு கட்டியிருந்தார். நேரே சொல்லமாட்டார். "சகுனம் பாக்காம நடுத்தெருவுல நடந்தா சீட்டு எப்படி நம்ம பக்கம் விழும்?" என்று தூணிடம் சொல்வார். அவர் அம்மாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் பேசாததால் மற்றவர்களும் பேசுவது குறைந்துபோனது. பின்கட்டில் அத்தை தனியாகச் சாப்பிட்டுத் தனியாகப் படுத்துக்கொண்டார். கீழத்தெருவிலும் அவரை யாரும் நன்றியோடு நினைக்கவில்லை. தோற்றுவிடுவோம் என்று தெரிந்துதான் மருமகளைக் கொண்டுவந்து விட்டாள் என்று அங்கே பேச்சு.

ஒருநாள் பிள்ளையை அவர் பக்கத்தில் பாயில் கிடத்திவிட்டுக் கேட்டேன்.

"ஏன் அத்தே அன்னைக்கு வந்தீய? ஒங்களுக்கு எவ்வளவு பேச்சு!"

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கொத்தவரங்காய்க்கு நாரு எடுக்காமக் கிள்ளுதியே. பாத்துக் கிள்ளு" என்றார்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் இருந்தார். அடுத்த எலக்‌ஷனில் பெரிய அத்தானே ஜெயித்து வந்தார். அன்றைக்கு எங்கள் வாசலில் மேளம். அப்பாவும் அவரும் பிறகு ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டார்கள். ஆண்பிள்ளைகள் சமாதானம் ஆகிவிட்டார்கள். அத்தையிடம் மட்டும் யாரும் சமாதானத்துக்குப் போகவில்லை. அவர் எந்தப் பக்கத்திலும் நிற்கவில்லை, அதனால் அவரிடம் சமாதானம் பேச வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

பிறகு பெண்களுக்கும் ஓட்டு வந்தது. நானும் வரிசையில் நின்று எத்தனையோ தடவை போட்டுவிட்டேன். ஜெயித்தவர்கள் எங்கள் தெரு வழியாக மேளத்தோடு போகும்போது எல்லாரும் வாசலுக்கு ஓடுகிறார்கள். எனக்கு அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம், சரியான காரியத்தைச் செய்துவிட்டு ஒரு மனுஷி துணையில்லாமல் தெரு நடுவில் வீட்டுக்குத் திரும்பியதுதான் கண்ணுக்குள் வந்து நிற்கிறது.

ஏளா பேத்தி, எழுதினது போதும். ஒருக்க வாசி, கேப்போம். முழுசும் வேண்டாம். அத்தை திரும்பி நடந்து போனாவல்ல, அங்கனயிருந்து வாசி.